சூளையின் சூட்டை அளக்க ஒரு சிறு பலகை

விருத்தாசலத்திலே பீங்கான் வேலை செய்வோரிடம் பேசினால், பேச்சு களிமண்ணில் தொடங்கினாலும் நெருப்பிலேதான் வந்து முடியும். மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிய உழைப்பு அனைத்தும் ஓர் இரவுச் சூளையில் தேறவும் கூடும். தேறாமற் போகவும் கூடும். 573 டிகிரி சென்டிகிரேடு அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அந்த எல்லையைச் சூளை விரைந்து கடக்குமாயின் பொம்மையும் பியூஸ் பீங்கானும் ஒருங்கே விரிசல் காணும்.

சூட்டை அறிய நம்மவர் கண்ணையும் கூம்பையும் நம்பி வந்திருக்கின்றனர். குறித்த சூட்டில் வளைந்து சாயும் கூம்புகளை 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸேகர் ஏற்படுத்தினார். கூம்பு நல்ல சாட்சிதான். ஆனால் அது நடந்து முடிந்ததைச் சொல்லுமேயன்றி, சூடு மணிக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லாது.

"சில நூறு ரூபாய்ச் செலவில் சூளைக்கு ஒரு வெப்பமானியை நாமே அமைத்துப் பார்க்கலாமா? கடையில் பிரேக்அவுட் போர்டு என்று ஒன்றைக் காட்டுகிறார்களே, அது யாது?" என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியிருக்கின்றனர். அமைக்கலாம் என்பதே நமது விடை. பெரும் பணம் கொடுத்துக் கருவி வாங்குமுன் நமக்கு வேண்டியது இன்னதென்று அறிந்துகொள்ள இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி, ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறியாகும். 2005-இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென உருவான ஆர்டுயினோ பலகை, மின்னணுப் படிப்பில்லாதாரும் இதனைக் கையாளும்படி செய்தது. அதற்குக் கண்ணும் காதுமாக அமைபவை வேறு சில்லுகள். இங்கேதான் சங்கடம் எழுகிறது. நாம் சொல்லப்போகும் சில்லின் கால்கள் 1.27 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. சோதனைக்காகக் கம்பிகளைச் செருகும் பிரெட்போர்டின் துளைகளோ 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன. நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒவ்வாத அச்சில் பாவு ஏறாது. ஆகவே சில்லை ஒரு சிறு பலகையில் பற்றவைத்து, ஒவ்வொரு காலிலிருந்தும் செம்புக் கோடு இழுத்து, விளிம்பிலே 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசிகளாக நிறுத்திவிடுகிறார்கள். இதுவே பிரேக்அவுட் போர்டு. நாம் விரிப்புப் பலகை என்று சொல்லிக்கொள்வோம்.

இனிச் சூளைக்கு வருவோம். இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் சூடேற்றினால், அவற்றின் மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821-இல் ஸீபெக் என்பார் கண்ட இவ்வுண்மையே தெர்மோகப்பிளுக்கு அடிப்படை. 'கே' வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும். அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறிட்டதில் 41 கூறு. ஆர்டுயினோ ஊனோவோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகத்தான் பகுக்க வல்லது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் ஆகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சூளை சுமார் 119 டிகிரி ஏறிய பின்னரே அது ஒரு படி அசையும். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் பொன்னை வைத்தது போலத்தான்.

ஆகையால் நடுவில் மாக்ஸ் 31855 என்னும் சில்லு தாங்கிய விரிப்புப் பலகை வேண்டியிருக்கிறது. அது அச்சிறு அழுத்தத்தை வாங்கிக் கால் டிகிரி நுட்பத்தில் எண்ணாக மாற்றித் தருகிறது. தெர்மோகப்பிள் இரு முனைகளின் சூட்டு வேறுபாட்டையே காட்டுமாதலால், பலகை இருக்கும் இடத்தின் சூட்டையும் தானே அளந்து கூட்டிக்கொள்கிறது. கம்பி அறுந்துபோனால் அதனையும் அறிவிக்கிறது. இதனினும் மலிவான மாக்ஸ் 6675 ஏறத்தாழ 1,024 டிகிரிக்கு மேல் அளவாது. 1,200 டிகிரியை எட்டும் மெருகுச் சூளைக்கு அது பயன்படாது. சில்லின் பெயர் ஈற்றிலுள்ள எழுத்து தெர்மோகப்பிளின் வகையோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். சில்லின் அருகே கடுகளவாய் ஒட்டியிருக்கும் மின்தேக்கியும் பீங்கான் இனத்தைச் சேர்ந்ததே என்றறிந்தால் நமது ஊரார் மகிழ்வர்.

மின்சாரம் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இச்சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. 4 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஊனோ தருவதோ 5 வோல்ட். நல்ல விரிப்புப் பலகைகளில் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் உறுப்புகள் உடன் இருக்கும், மலிவானவற்றில் இல்லாமலிருக்கலாம். ஐயமிருப்பின் 3.3 வோல்ட்டிலேயே இயங்கும் பைக்கோ போன்ற பலகையை எடுத்துக்கொள்வது உத்தமம்.

நாம் பட்ட பாடு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு சிறு சூளையில் சோதனை நடத்தினோம். தெர்மோகப்பிளின் கம்பி மேசைவரை எட்டவில்லை. கையிலிருந்த சாதாரணச் செம்புக் கம்பியைக் கொண்டு சூளைச் சுவரருகே அதனை நீட்டினோம். எண்கள் அழகாகவே ஏறின. ஆனால் பலகை குறித்த சூட்டைக் காட்டுமுன்பே உள்ளேயிருந்த கூம்பு முற்றும் சாய்ந்துவிட்டது. அடுக்கின் மேல்தட்டில் மெருகு வழிந்து பொம்மைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. பிறகே காரணம் புலப்பட்டது. கம்பிகள் சேர்ந்த இடம் 70 டிகிரி. மேசையில் பலகை இருந்த இடம் 35 டிகிரி. செம்புக் கம்பிகள் இரண்டும் ஒரே உலோகமாதலால் அந்த 35 டிகிரி வேறுபாடு கணக்கில் வராமலே போயிற்று. சூளை காட்டியதைவிட அவ்வளவு அதிகமாகவே எரிந்துகொண்டிருந்தது. 'கே' வகைக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கம்பியைப் போட்டதும் பிழை நீங்கிற்று. பழுதான பொம்மைகளின் விலையில் அத்தகைய கம்பி பல கஜம் வாங்கியிருக்கலாம்.

அதுமுதல் கூம்பில்லாமல் நாம் சூளை மூட்டுவதில்லை. பலகை அந்தந்தக் கணத்தின் சூட்டைச் சொல்கிறது. கூம்போ சூடும் நேரமும் சேர்ந்து பாண்டத்தின்மேல் செய்த வேலையைச் சொல்கிறது. பிரெட்போர்டில் செருகிய கம்பிகள் அதிர்ச்சியிலும் தூசியிலும் தளரக் கூடியவை. எனவே சோதனைப் பலகையைக் கொண்டு எரிவாயுவைத் திறக்கவும் மூடவும் ஒருபோதும் முயலக் கூடாது. சூட்டைப் படித்துக் காட்டுவதோடு அதன் வேலை நிற்கட்டும்.

சாயத்தொட்டிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. டி.எஸ். 18பி20 என்னும் உணரி நீர் புகாத உறையிலேயே மூன்று கம்பிகளோடு கிடைக்கிறது. விரிப்புப் பலகையும் வேண்டாம், 4.7 கிலோ ஓம் தடை ஒன்று போதும். 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டுமாதலால், 80 டிகிரியில் ஏற்ற வேண்டிய சாயத்துக்கு அது நன்கு உதவும்.

பயிரிடும் அன்பர்கள் மண்ணின் ஈரத்தை அளக்க விரும்பின், இரு உலோக முட்கள் வெளியே தெரியும் மலிவான பலகையைத் தவிர்ப்பாராக. மின்னோட்டம் பாய்ந்து முட்கள் சில வாரங்களில் அரித்துப்போகும். உலோகம் வெளியே தெரியாத மின்தேக்க வகையை வாங்கி, தம் கொல்லை மண்ணையே ஒருமுறை நன்கு உலர்த்தியும், ஒருமுறை நீர் ஊற்றி வடிந்த பின்னும் அதில் வைத்து, அது காட்டும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். செம்மண்ணில் எடுத்த எண் களிமண் நிலத்துக்குப் பொருந்தாது.