உதவியும் ஓர் அமானிதமே!



2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில், பாலுகாலி முகாமருகே ஒரு தனியார் குழு துணிகளை வழங்கியது. மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து உயிர் தப்பி வந்திருந்த ரோஹிங்யா மக்கள் அவற்றைப் பெற முண்டியடித்தனர். அந்த நெரிசலில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் உயிரிழந்தனர்.

கொடுக்க வந்தவர்கள் தீயவர்கள் அல்லர். இரக்கமே அவர்களை அங்கு அழைத்து வந்தது. ஆயினும் துணி வாங்க வந்த மூவருக்குக் கஃபன் துணி தேவைப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்கு உதவுவதில் எண்ணம் எவ்வளவு முக்கியமோ, ஏற்பாடும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவரவர் விருப்பப்படி கொடுத்தால்...

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களிலேயே ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை கடந்து வந்தனர். மண்குன்றுகளின் மீது மூங்கிலாலும் தார்ப்பாயாலும் குடில்கள் எழுந்தன. குதுபலாங், பாலுகாலி பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து உலகிலேயே மிகப்பெரிய அகதி முகாமாயின.

தொடக்க நாட்களில் நிவாரண வண்டிகள் சாலையோரத்திலேயே நின்றன. ஓடி வரக்கூடியவர் பலமுறை பெற்றார். குன்றுக்கு அப்பால் இருந்த முதியவருக்கும், கைக்குழந்தையோடு இருந்த விதவைக்கும் ஒன்றும் எட்டவில்லை. ஒரு சாரார் ஆழமில்லாத குழாய்க் கிணறுகளை அவசரமாக இறக்கினர். அவற்றின் அருகிலேயே மற்றொரு சாரார் கழிப்பறைக் குழிகளைத் தோண்டினர். பின்னர் பரிசோதித்தபோது, குடிநீரில் மலக்கிருமிகள் பெருமளவில் கலந்திருந்தன. அரிசி கிடைத்தது, அதைச் சமைக்க விறகு இல்லை. பெண்களும் சிறுவர்களும் விறகு தேடிக் காட்டுக்குள் சென்றனர். காடும் அழிந்தது. 2018 முதல் சமையல் எரிவாயு வழங்கப்பட்ட பிறகே அந்தச் சிரமம் குறைந்தது.

ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

முதலாவது, தலைமை. வங்கதேச அரசின் அகதிகள் நிவாரண ஆணையர் அலுவலகம் பொறுப்பேற்றது. ஒவ்வொரு முகாமுக்கும் ஓர் அரசு அதிகாரி அமர்த்தப்பட்டார். சாலை அமைக்கவும் விநியோகத்தை ஒழுங்குபடுத்தவும் ராணுவம் இறக்கப்பட்டது.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. உணவு, குடிநீர், மருத்துவம், குடில், கல்வி எனப் பணிகள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு துறையில் உழைக்கும் அமைப்புகள் அனைத்தும் ஒன்றாக அமர்ந்து, யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று பட்டியலிடும். ஒரே தெருவுக்கு இருவர் செல்வதும், ஒரு தெருவுக்கு எவருமே செல்லாததும் அப்போதுதான் வெளிப்படும்.

மூன்றாவது, கணக்கு. குடும்பங்கள் பதிவு செய்யப்பட்டு அட்டை வழங்கப்பட்டால், வலிமையுள்ளவர் தள்ளிவிட்டுப் பெறுவதற்கு இடமிருக்காது. பலவீனருக்கும் அவர் பங்கு அவர் பெயரிலேயே இருக்கும்.

நான்காவது, அளவு. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒருவர் தங்க மூன்றரை சதுர மீட்டர் இடம் என்ற அளவுகளை உலக நிவாரண அமைப்புகள் வகுத்துள்ளன. இவை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1994இல் ருவாண்டாவிலிருந்து கோமா நகரப் பகுதிக்கு ஓடிவந்த மக்களில், முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது ஆயுதமல்ல; காலராவும் வயிற்றுக்கடுப்பும்!

காக்ஸ் பஜாரில் 2017 அக்டோபரில் அரசும் அமைப்புகளும் கைகோத்து, சில நாட்களுக்குள் சுமார் ஏழு லட்சம் பேருக்குக் காலரா தடுப்பு மருந்து கொடுத்தன. அஞ்சியபடி காலரா பரவவில்லை. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் டிப்தீரியா என்னும் தொண்டை நோய் பரவியது. அதற்கும் தடுப்பூசி முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. ஒருங்கிணைப்பு துன்பத்தை ஒழித்துவிடவில்லை, மரணத்தைக் குறைத்தது.

ஒரே துணியில் குவித்தவர்கள்

சகோதரர்களே! இது நமக்குப் புதிய பாடமன்று. அஷ்அரீ குலத்தாரிடம் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், தங்களிடம் உள்ள அனைத்தையும் ஒரே துணியில் குவிப்பார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அம்மக்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று புகழ்ந்ததாக புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. கவனியுங்கள்! அங்கே கொடை மட்டும் இல்லை. ஓரிடத்தில் சேர்த்தலும் இருந்தது, அளத்தலும் இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

2004 சுனாமியின்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நானும் நண்பர்களும் வீடுவீடாகப் பழைய துணிகளைச் சேகரித்து நாகப்பட்டினம் கொண்டுசென்றோம். அங்கே சாலையோரங்களில் ஏற்கனவே துணிகள் குவிந்து, மழையில் நனைந்து கிடந்தன. அம்மக்களுக்குத் தேவைப்பட்டது சமைப்பதற்கான பாத்திரம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கலாமே என்று இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆகவே, அனுப்புவதற்கு முன் கேளுங்கள். அங்கு ஏற்கனவே பணிபுரியும், சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பின் வழியாகக் கொடுங்கள். பொருளைவிடப் பணம் பெரும்பாலும் பயன் தரும். தேவை மாறும்போது அதுவும் மாறிக்கொள்ளும். கையேந்தி நிற்பவரைப் படம் பிடித்து அவர் மானத்தைக் கெடுக்காதீர்கள். செய்தி ஓய்ந்த பிறகும் கொடுங்கள். 2023இல் நிதிப் பற்றாக்குறையால், காக்ஸ் பஜார் முகாம்களில் ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி 8 டாலராகக் குறைக்கப்பட்டதை மறந்துவிடாதீர்கள்.

நம் கையிலிருந்து புறப்பட்டதோடு தர்மம் முடிந்துவிடுவதில்லை. உரியவரின் கையை அது பாதுகாப்பாகச் சென்றடையும்வரை அது நம்மிடமுள்ள அமானிதமே. அதைச் சரியாக நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.