தாத்தா இருந்த ஊரில் ஆறு நாட்கள்

கடந்த டிசம்பரில் நான் பார்சிலோனாவில் இருந்திருக்க வேண்டும். அலுவலகத் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து திட்டமெல்லாம் போட்டு முடித்திருந்தோம். விடுப்பும் கிடைத்துவிட்டது. அப்போதுதான் நாகப்பட்டினத்திலிருந்து அம்மா போன் செய்தார். “உங்கப்பா சிங்கப்பூர் வரேன்னு சொல்லிட்டாரு. மனசு மாறுறதுக்குள்ள டிக்கெட் போட்டுடு.”

பார்சிலோனாவை அந்த நிமிடமே கைவிட்டேன். காரணம் இருக்கிறது.

நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வருடமும் இருவரையும் கூப்பிடுவேன். அம்மா எப்போதும் தயார். அப்பாதான் முழங்கால் வலி, மழைக்காலம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பார். உண்மையான காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது தாத்தா ‘ராஜூலா’ கப்பலில் ஏறி சிங்கப்பூர் வந்தார். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அதன் பிறகு இரண்டே முறைதான் ஊருக்கு வந்தார். ஒரேயடியாகத் திரும்பியபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. “அப்பான்னு கூப்பிடவே கூச்சமா இருந்துச்சு” என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் சிங்கப்பூர் என்பது ஊர்ப்பெயர் அல்ல, ஒரு மனக்குறை. அதே ஊருக்கு நானும் வேலைக்கு வந்தபோது அவர் தடுக்கவில்லை. வழியனுப்ப விமான நிலையத்துக்கும் வரவில்லை.

மூன்று நாள் ‘நல்லாருக்கு’

முதல் மூன்று நாட்களும் எல்லோரும் போகும் இடங்களுக்கே போனோம். மெர்லயன் சிலை முன்பு படம் எடுத்துக்கொண்டோம். மரீனா பே கரையில் நடந்தோம். சாங்கி ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியைப் பார்த்து அம்மா வாய் பிளந்தார். கார்டன்ஸ் பை தி பேயில் இருக்கும் ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடத்துக்குள் மத்திய தரைக்கடல் பகுதியின் குளிர்ந்த, உலர்ந்த பருவநிலையைச் செயற்கையாக உருவாக்கி, ஆலிவ் மரங்களை வளர்க்கிறார்கள். பார்சிலோனாவைத் தவறவிட்ட எனக்கு அது ஆறுதல் பரிசு. சிங்கப்பூர் டாலர் நோட்டில் தமிழில் ‘சிங்கப்பூர்’ என்று அச்சிட்டிருப்பதை அம்மா ஒவ்வொரு கடையிலும் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னார். “நல்லாருக்கு.”

மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவியபடியே கேட்டார். “சிராங்கூன் ரோடுன்னு ஒண்ணு இருக்குமே, அது இங்கேர்ந்து தூரமா?”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டிலிருந்து ஒரே ரயில். வாரா வாரம் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் இடம். அவரை அங்கே அழைத்துப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சைனா டவுனில் மாரியம்மன்

மறுநாள் சனிக்கிழமை. சிராங்கூனுக்கு முன்பு, சிங்கப்பூரில் தமிழர்கள் முதன்முதலாகக் கால் பதித்த பகுதியைக் காட்டலாம் என்று சைனா டவுனுக்குக் கூட்டிப்போனேன். சவுத் பிரிட்ஜ் சாலையில் திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. “சைனாக்காரங்க தெருவுல நம்ம மாரியம்மனா?” என்றார் அம்மா.

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை போட்டு, கட்டட ஒப்பந்ததாரராக வளர்ந்தவர். அவர் முன்னின்று 1827இல் மரத்தாலும் கீற்றாலும் எழுப்பிய கோயில் இது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உருவாக்கியது என்று சொன்னதும், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டார்.

கோயிலுக்கு ஒரு பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட், மறுபக்கம் பகோடா ஸ்ட்ரீட். இரண்டுமே இந்தக் கோயிலால் வந்த பெயர்கள். அடுத்தது மாஸ்க் ஸ்ட்ரீட். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலால் அந்தப் பெயர் வந்தது.

அங்கிருந்து மெதுவாக நடந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் போனோம். இன்று அது உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன்பு அதுதான் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டிய வழிபாட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. சீனர்களின் தியன் ஹாக் கெங் கோயில், குச்சுப் பள்ளி என்று தமிழ்ப் பெயரால் அழைக்கப்பட்ட அல்-அப்ரார் பள்ளிவாசல், அப்புறம் 1828 - 1830இல் கட்டப்பட்ட நாகூர் தர்கா.

அப்பா தர்காவின் வாசலில் நின்றுவிட்டார். எங்கள் ஊரில் எந்த வீட்டில் என்ன வேண்டுதல் என்றாலும், மதம் பார்க்காமல் நாகூருக்கு ஒரு நடை போய் வருவார்கள். “நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. படகுல போய்த்தான் ஏறணும். அப்பாயி என்னைத் தூக்கிக்கிட்டுக் கரையில நின்னாங்களாம். நேரா நாகூர் போய் வேண்டிக்கிட்டாங்களாம்” என்றார். இதை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

மாலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து, சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் ஆங்கிலேயர்கள் அமைத்தார்கள். 1861இல் முடிந்த இந்தப் பேராலயமும் அந்தக் கைதிகளின் உழைப்புதான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர் அப்பா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மெட்ராஸ் பூச்சு. இதைப் பண்ண இப்ப ஆள் கிடையாது.” அன்று ‘நல்லாருக்கு’ என்ற வார்த்தையே வரவில்லை.

ஞாயிறு மாலை

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் தொடங்கினோம். ‘தேக்கா’ என்பது மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். அதன் நினைவாக இன்றும் பஃபலோ ரோடு இருக்கிறது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு மரக் கதவு நிலையின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை சாப்பிட்டோம். “அவரும் இங்க சாப்பிட்டிருப்பாரு” என்றார் அப்பா. தாத்தா வேலை செய்த கடை எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கடிதங்கள் ஊரில் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. கடைப் பெயரும் யாருக்கும் நினைவில்லை.

வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மணி ஐந்து. அந்நேரம் சிராங்கூன் சாலை முழுக்க ஊழியர்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் ஊர் இளைஞர்கள், பக்கத்து நாட்டு இளைஞர்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் அது. புல்தரையில் உட்கார்ந்து வீடியோவில் குழந்தையிடம் பேசுகிறார்கள். பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை.

அந்த வரிசையைப் பார்த்தபடி அப்பா நின்றார். பத்து நிமிடம் இருக்கும். முன்னால் நின்ற ஒரு தம்பி, “அய்யா, நீங்களும் பணம் போடணுமா? முன்னாடி வாங்க” என்று இடம் விட்டான். அப்பா தலையசைத்து மறுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மாசாமாசம் மணியார்டர் வரும். தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்குனதே நான்தான். அந்தப் பணம் இப்படி வரிசையில நின்னுதான் வந்துச்சான்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.”

நாங்கள் பதில் சொல்லவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் சாங்கியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு நின்றபோது சொன்னார். “நீ அனுப்புற பணத்தை நான் தொட்டதே இல்லை. அப்படியே பேங்க்ல கிடக்கு. ஊருக்குப் போனதும் மாடியில ஒரு ரூம் கட்டுறேன். நீ வந்தா தங்கறதுக்கு.” ஐந்து வருடத்து வருத்தத்தை அவர் அவ்வளவு எளிதாக இறக்கி வைத்துவிட்டார்.

சிங்கப்பூர் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெர்லயனையும் அருவியையும் பாருங்கள். கூடவே சவுத் பிரிட்ஜ் சாலைக்கும் தெலுக் ஆயருக்கும் ஒரு நாள், சிராங்கூனுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முக்கியமாக, கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் என்ன பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்க ஐந்து வருடமும் மூன்று நாளும் ஆயிற்று. கடைசியில் கேட்டதும் அவர்தான்.

பார்சிலோனா எங்கேயும் போய்விடாது. அடுத்த டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.