எதிர்க்கட்சியை அறியும் கல்வி

சீன தேசத்துப் பழைய ஞானிகளைப் பற்றி நம் மாணாக்கர் அறிந்திருப்பது யாது? கன்பூஷியஸ் நல்லொழுக்கம் போதித்தார். லாவோ-த்ஸு இயற்கையோடு இயைந்து வாழச் சொன்னார். பரீட்சைக்கு இவ்விரண்டு வாக்கியங்கள் போதும். மேடைப் பிரசங்கிகளோ கன்பூஷியஸின் வாக்கு ஒன்றையும் திருவள்ளுவரின் வாக்கு ஒன்றையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் ஒன்றே என்று சொல்லிக் கரகோஷம் பெற்று இறங்கிவிடுகிறார்கள். குமரிக் கடலில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கும் இந்த ஜில்லாவிலும் நிலைமை வேறன்று. இதனால் இரு பெரியோரில் எவருக்கும் பெருமையில்லை. ஒரு ஞானியின் வாக்கு யாருடைய கொள்கையை மறுக்கப் பிறந்தது என்று அறியாதவன், அவ்வாக்கின் பொருளையும் அறிந்தவனாகான்.

சீனரின் தத்துவம் வாதத்தில் பிறந்து வாதத்தில் வளர்ந்தது. கன்பூஷியஸ் (கி.மு. 551–479) மறைந்த அடுத்த நூற்றாண்டில் மோ-த்ஸு என்பவர் அவர் மரபை எதிர்த்தெழுந்தார். பெற்றோர் இறந்தால் மூன்று வருஷம் துக்கம் காப்பதும், ஆடம்பரமாக ஈமக்கடன் செய்வதும் ஏழைகளின் உணவைப் பறிப்பவை என்றார். தன் வீட்டாரிடம் காட்டும் அன்பைப் பிறர் வீட்டாரிடமும் காட்டுக என்றார். மென்ஷியஸ் அதை மறுத்து, எல்லோரையும் ஒன்றாக நேசிப்பவன் தந்தையைத் தந்தையென மதியாதவனாவான் என்றார். மனித சுபாவம் நல்லது என்பது மென்ஷியஸின் கட்சி. அது தீயது, நன்மை முயற்சியால் வருவது என்பது பின்வந்த ஷுன்-த்ஸுவின் கட்சி. கி.மு. நான்காம் நூற்றாண்டில் த்ஸி நாட்டு மன்னர்கள் தலைநகரான லின்ஸியில், ஜீஷியா என்னுமிடத்தில், பல மதத்துப் பண்டிதர்களுக்கும் மனையும் மானியமும் அளித்து வாதிக்கச் செய்தார்கள். இத்தகைய தத்துவத்தைப் பொன்மொழிகளாகத் திரட்டிப் புகட்டுவது, வாதி பிரதிவாதி இருவரின் மனுக்களையும் மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே சீன ஞானத்தை வகுப்பறையில் வாதமாக நடத்திக் கற்பிக்க வேண்டும் என்பது நமது துணிபு. ஓர் உதாரணம் காட்டுவோம். தந்தை ஓர் ஆட்டைத் திருடினான். மகன் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னான். ஒரு சிற்றரசர் இம்மகனை நேர்மையாளன் என்று புகழ்ந்தார். கன்பூஷியஸ் உடன்படவில்லை, எங்கள் ஊரில் தந்தை மகனை மறைப்பான், மகன் தந்தையை மறைப்பான், நேர்மை அதில்தான் உள்ளது என்றார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹான் பெய் இதே கதையை எடுத்து, அரசுக்கு உண்மையானவன் தந்தைக்குத் துரோகியாகிறான். இரண்டையும் ஒருங்கே புகழும் அரசு நிலைக்காது என்று வாதித்தார்.

இவ்வழக்கை நாகர்கோவில் பள்ளியொன்றின் வகுப்பில் வையுங்கள். ஒரு சாரார் கன்பூஷியஸ் பக்கமும் மறு சாரார் ஹான் பெய் பக்கமும் நிற்கட்டும். கன்றுக்கு நீதி வழங்க மகனையே தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழன் அங்கே தானாக வந்து நிற்பான். நமது சட்டமும் வரும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டமும், கணவன் மனைவியர் தமக்குள் பேசிக்கொண்டதை வெளியிடும்படி வற்புறுத்தலாகாது என்று பொதுவாகக் காப்பளிக்கின்றன. தந்தைக்கும் மகனுக்கும் இடையே அக்காப்பு இல்லை. ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்பாளாயின், அன்று அவள் கற்றது ஒரு வருஷத்துப் பாடத்துக்கு ஈடாகும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பேச எழும் ஒவ்வொருவரும் முதலில் எதிர்க்கட்சியை, எதிர்க்கட்சியாரே ஆமென்று ஒப்பும்படி எடுத்துரைக்க வேண்டும், பிறகே மறுக்கலாம். மறுவாரம் இரு சாராரும் கட்சி மாறி நின்று வாதிக்க வேண்டும். இது மேல்நாட்டாரிடம் கடன் வாங்கிய முறையன்று. நம் முன்னோர் இதைப் பூர்வபக்ஷம் என்றனர். மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளையும் அவரவர் வாயிலாகவே கேட்டறிந்த பின்னரே, காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கமும் தருமமும் கேட்கிறாள். நீலகேசி என்னும் சமண காவியம் முழுவதுமே வாதங்களால் ஆனது.

நாஞ்சில் நாட்டாருக்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் ஒரு சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அதில் 95 மாணாக்கருக்கு இடம். வியாகரணமும், வைதிகக் கிரியையும், மூவேந்தர் நாட்டு ராஜ்ய விவகாரமும் அறிந்தவரே சேரலாம். தம்முள் வைது பூசலிட்டால் தண்டம் என்றும் அதன் சாசனம் விதிக்கிறது. கற்றோர் கூடுமிடத்தில் நாவடக்கமே முதற்பாடம் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான். அதே நூற்றாண்டில் சிதறால் மலையில் சமண முனிவர் வாழ்ந்தனர். நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன. மாறுபட்ட கொள்கையினர் அயலவராக வாழ்ந்த பூமி இது. ஆனால் அந்தச் சாலை வேதம் பயில்வோர்க்கு மட்டுமே திறந்திருந்தது. இன்றைய பள்ளியின் கதவு எல்லாக் குலத்தாருக்கும் திறந்திருக்கிறது. முன்னோரிடம் இல்லாத அப்பெருமையைப் பயன்படுத்தாமல் விடுவது நம் குற்றமே.

சீனத்தையும் தமிழகத்தையும் இணைத்ததும் வாதக் கல்வியே. காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாவின் தலைவரானார். தென்னாட்டிலிருந்து ஒரு பண்டிதர் அவரை வாதுக்கு அழைத்தபோது, முப்பது வயதே நிரம்பிய சீடர் சீலபத்திரர் தம்மை அனுப்புமாறு வேண்டினார். மற்றவர்கள் தயங்கினர், ஆசிரியர் தயங்கவில்லை. சீடர் வென்றார். அந்தச் சீலபத்திரரிடமே, அவர் முதுமையெய்திய காலத்தில், சீன யாத்ரீகர் யுவான் சுவாங் பயின்றார். 645-ல் தாயகம் திரும்பி, இந்த வரலாற்றை எழுதிவைத்தவரும் அவரே. இளைஞனை நம்பிச் சபையில் நிறுத்திய ஓர் ஆசிரியரின் துணிவு எத்தனை தூரம் சென்றது பாருங்கள்.

வாதம் பழகிய பிள்ளைகள் வெறும் வாயாடிகளாவார்கள் என்று சிலர் அஞ்சுவர். அச்சத்துக்குக் காரணமுண்டு; நம் பட்டிமன்றங்கள் பலவற்றில் நகைச்சுவையே நடுவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. சீனரும் இதை அறிவர். வாதில் நீ என்னை வென்றதனாலேயே உன் கட்சி உண்மையாகிவிடுமா, அதைத் தீர்ப்பவர் யார் என்று சுவாங்-த்ஸு கேட்டார். அக்கேள்வியையும் வகுப்பில் வாதத்துக்கு வைக்கலாம். கைதட்டலால் வெற்றி தோல்வி தீர்மானிக்க வேண்டாம். வாதம் முடிந்த மறுநாள் ஒவ்வொரு மாணாக்கரும் தம் தீர்ப்பைக் காரணங்களுடன் எழுதித் தரட்டும். உபாத்தியாயர் காரணங்களுக்கே மதிப்பெண் இடட்டும்.

இது பள்ளிக்கூடத்தோடு நிற்கும் விஷயமன்று. கி.மு. 213-ல் சின் சக்கரவர்த்தி நூல்களை எரிக்க உத்தரவிட்டான். யோசனை கூறிய மந்திரி லீ ஸு, வாதங்களிடையே வளர்ந்த ஷுன்-த்ஸுவின் மாணாக்கரே. பழமையைக் காட்டி நிகழ்கால ஆட்சியைக் குறைகூறுகிறார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். நூலெரித்த அந்த ராஜவம்சம் அடுத்த ஏழே வருஷங்களில் அழிந்தது. எதிர்க்கட்சியைக் கேட்கப் பொறாமை கற்றவர்களுக்கும் வரக்கூடும் என்பதே இதன் பாடம். நம் அரசியல் கூட்டங்களில் எதிராளியின் கொள்கையை அவர் சொன்னபடியே எடுத்துச் சொல்லி மறுப்போர் எத்தனை பேர்? வசைமொழியே மறுப்பாகிவிட்ட மேடையில் குடியாட்சி நெடுநாள் தழைக்காது.

தேசத் தொண்டர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி உபாத்தியாயரிடம் வாரத்தில் ஒரு பாடவேளை கேளுங்கள். கன்பூஷியஸும் மோ-த்ஸுவும் நம் பிள்ளைகள் நாவில் வழக்காடட்டும். பிறன் கட்சியைப் பழுதின்றிச் சொல்லக் கற்ற பிள்ளையே நாளை தன் கட்சியை மானத்தோடு சொல்ல வல்லவனாவான்.