பைப்புக்கு வயசு என்ன?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். நடுவில் கேட்ட குக்கர் விசில் நீக்கப்பட்டுள்ளது.)

தலைப்பைப் பார்த்துட்டு பிளம்பிங் எபிசோட்னு வந்தவங்க மன்னிக்கணும். இது புகையிலை அடைச்சுப் பிடிக்கிற பைப். முதல்லயே சொல்லிடறேன், நான் புகைபிடிக்கிறதில்லை, உங்களையும் பிடிக்கச் சொல்லலை. எனக்கு இதுல இருக்கிற ஆர்வமே வேற: எழுபது, எண்பது வருஷப் பழைய ஒரு மரத்துண்டைப் பார்த்து, இது எந்த வருஷம் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தக் கேள்விக்கான பதிலை நானே என் கையால் அழிச்ச கதையும் இதுல இருக்கு.

என் தாத்தா, அம்மாவோட அப்பா, சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருந்தவர். 1942-ல பிறந்தவர். கப்பல்ல பைப் பிடிப்பார், இதய ஆபரேஷனுக்கு அப்புறம் விட்டுட்டார். ஆனா பைப்புகளை விடலை. அலமாரியில் வரிசையா நிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல என்னை மூணு மாசம் லண்டன் அனுப்பினாங்க. தாத்தா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "டன்ஹில் ஒண்ணு கெடைச்சா பாரு. புதுசு வேணாம்."

டன்ஹில்னா இன்னைக்கு உங்களுக்கு சிகரெட் பாக்கெட்தான் ஞாபகம் வரும். ஆனா ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-ல லண்டன் டியூக் ஸ்ட்ரீட்டில் திறந்தது ஒரு புகையிலைக் கடை. 1910-ல சொந்தமா பைப் செய்ய ஆரம்பிச்சார். வாயில் வைக்கிற கறுப்புக் குழலோட மேல்பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுதான் அவங்க அடையாளம். சேகரிக்கிறவங்களுக்கு டன்ஹில் பிடிக்க முக்கியமான காரணம், அவங்க பைப்பிலேயே தேதி குத்தியிருக்காங்க.

எப்படின்னா, தண்டில் 'மேட் இன் இங்கிலாண்ட்'னு முத்திரை இருக்கும். அதோட கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் பொடியா ஒரு எண். பழைய பைப்புகள்ல அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடும் இருக்கும். 1921-ல இந்த வழக்கம் ஆரம்பம். 1 இருந்தா 1921, 2 இருந்தா 1922. பிரமாதம், இல்ல? கொஞ்சம் பொறுங்க. 1941 வந்ததும் என்ன செஞ்சாங்க? மறுபடி 1. 1951-லயும் 1. அப்போ வருஷத்தோட கடைசி இலக்கத்தை மட்டும் சேமிச்சு வச்சிருக்காங்க! ஒய்2கே பிரச்சினையில் நாம ரெண்டு இலக்கத்துக்கே அவ்வளவு பதறினோம். இவங்க ஒரே இலக்கத்தில் பல வருஷத்தை ஓட்டியிருக்காங்க. 1960-க்கு அப்புறம்தான் எண் திரும்பி வராம ஏறிக்கிட்டே போச்சு: 11-னா 1971, 21-னா 1981. அந்தக் காலத்துப் பைப்னா 1960-ஐக் கூட்டினா விடை வந்துடும்.

அப்போ பழசுல எது எந்தப் பத்தாண்டு? இங்கதான் மத்த முத்திரைகள் வேணும். பல பைப்புகள்ல பேடன்ட் எண் குத்தியிருப்பாங்க. 417574/34-னு ஒண்ணு உண்டு. கடைசியில் இருக்கிற 34 பேடன்ட்டோட வருஷம், 1934. நிறைய பேர் இதைப் பைப்போட வருஷம்னு நினைச்சு ஏமாறுவாங்க. பேடன்ட் எண் சொல்றது ஒண்ணுதான்: 'நான் இதுக்கு முன்னாடி பிறக்கலை.' இன்னொரு பக்கம், 1950-களின் நடுவில் பேடன்ட் எண் குத்துறதையே நிறுத்திட்டாங்க. ஆக, பேடன்ட் எண் இருந்தா மேல் எல்லையும் கிடைக்குது. அப்புறம், 1950-களின் தொடக்கத்தில் பைப்போட அளவைக் காட்ட வட்டத்துக்குள்ள ஒரு எண்ணும் பக்கத்தில் ஓர் எழுத்தும் வந்துச்சு. சொரசொரப்பா மணல் அடிச்ச 'ஷெல்' வகைக்கு எஸ். அந்த வட்டம் இல்லைன்னா, அதுக்கு முந்தின பைப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

பிழை தேடுறப்போ நாம செய்யற வேலைதான் இது. எந்த வெர்ஷன்ல சரியா இருந்துச்சு, எந்த வெர்ஷன்ல கெட்டுச்சுன்னு ரெண்டு பக்கமும் நெருக்கிக்கிட்டே வருவோம் இல்லையா, அதேதான்.

லண்டன்ல ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில் எனக்கு ஒரு ஷெல் பைப் கிடைச்சுது. எழுபது பவுண்ட். அழுக்கு, உள்ளே கரி, குழல் பச்சையும் பழுப்புமா மாறியிருந்துச்சு. குழல் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்த ரப்பர். வெளிச்சம் பட்டுப்பட்டு அப்படித்தான் நிறம் மாறும். பேடன்ட் எண் இருந்துச்சு, 34 இருந்துச்சு, வட்டம் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் கோட்டுக்கு மேல ஒரு 2 தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. 1934-க்கு அப்புறம், 1950-க்கு முன்னாடி, கடைசி இலக்கம் 2. கணக்குப் போட்டா ஒரே விடை: 1942. தாத்தா பிறந்த வருஷம்! வேற யாராவது வாங்கிடப் போறாங்கன்னு பேரம் பேசாமலே காசைக் கொடுத்துட்டேன்.

இங்க ஒரு நிமிஷம் வேற பைப்புகள் பக்கம் போயிட்டு வருவோம், ஏன்னா எல்லாரும் டன்ஹில் மாதிரி எண் குத்தி வைக்கலை. டப்ளின்ல பீட்டர்சன் கம்பெனி. அங்கே தேதி சொல்றது நாட்டோட பெயர். 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்'னு இருந்தா 1922-க்கு முன்னாடி இருக்க முடியாது, ஏன்னா அந்த நாடே அப்போதான் உருவாச்சு. 1937 அரசியலமைப்பில் பெயர் 'எய்ர்'னு மாறுது. 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து'ன்னு இருந்தா 1949-க்கு அப்புறம். நாட்டுப் பெயர் மாறின அன்னைக்கே பழைய முத்திரை அச்சைத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அதனால கீழ் எல்லை கல்லு மாதிரி, மேல் எல்லை கொஞ்சம் ரப்பர்.

தண்டில் வெள்ளிப் பட்டை இருந்தா இன்னொரு வழி. பிரிட்டிஷ் வெள்ளியில் வருஷத்துக்கு ஓர் எழுத்து குத்துவாங்க. ஆனா ஊருக்கு ஊர் வேற கணக்கு: ஏ-ன்னா பர்மிங்ஹாம்ல 1925, லண்டன்ல 1936. அதனால முதல்ல ஊர்ச் சின்னத்தைப் பார்க்கணும். நங்கூரம்னா பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலைன்னா லண்டன். (கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் ஏன்னு தாத்தா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கார்.) பட்டை பின்னாடி விரிசலை மறைக்கப் போட்டதாகவும் இருக்கலாம். அப்போ எழுத்து பட்டையோட வயசை மட்டும்தான் சொல்லும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது களிமண் பைப். 1600-கள்ல, 1700-கள்ல சிகரெட் துண்டு மாதிரி உடைஞ்சு எல்லா இடத்திலும் கிடந்தது. முத்திரை இல்லாத வெறும் குழல் துண்டுக்கு எப்படி வயசு சொல்றது? 1954-ல ஹாரிங்டன்னு ஓர் அமெரிக்க அகழாய்வாளர் ஒண்ணு கவனிச்சார்: காலம் போகப் போக துளை சின்னதாகிக்கிட்டே வருது. குழல் நீளமாகவும் ஒல்லியாகவும் ஆனதுதான் காரணமா இருக்கணும். டிரில் பிட்டுகளை ஒவ்வொண்ணா விட்டு, இன்ச்சில் 64-ல எத்தனை பங்குன்னு அளந்தார். பிறகு லூயிஸ் பின்ஃபோர்டு அதுக்கு ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு போட்டார்: 1931.85-லிருந்து, சராசரித் துளை அளவை 38.26-ஆல் பெருக்கிக் கழிக்கணும். அளவு 7-னா சுமார் 1664. 5-னா சுமார் 1740. நாம காலேஜ்ல படிச்ச லீனியர் ரெக்ரஷன், மண்வெட்டியோட! ஒரு துண்டுக்கு இது செல்லாது, நிறையத் துண்டுகளோட சராசரி வேணும். கோட்டை நீட்டிக்கிட்டே போனா 1931 கடைசியில் துளையே இல்லாத பைப் வந்திருக்கணும். அதையும் மறக்கக்கூடாது.

சரி, என் பைப்புக்கு வரேன். தாத்தாகிட்ட கொடுக்கும்போது பளபளன்னு இருக்கணும்னு ஆசை. வீடியோ பார்த்து பஃபிங் சக்கரம் வாங்கினேன், நைஸ் எமரி பேப்பர் வாங்கினேன். குழல் கறுப்பா மின்ன ஆரம்பிச்சதும் எனக்குக் கை நிக்கலை. ஷெல் வகையில் உடம்பெல்லாம் சொரசொரப்பா இருக்கும், முத்திரை குத்துற இடம் மட்டும் வழவழப்பா விட்டிருப்பாங்க. அந்த வழவழப்பையும் சேர்த்துப் பாலிஷ் போட்டேன். துடைச்சுப் பார்த்தா பெயர் லேசா இருக்கு, பேடன்ட் எண் பாதி இருக்கு, கோடு இருக்கு. கோட்டுக்கு மேல ஒண்ணும் இல்லை. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்தேனான்னா, அதுவும் இல்லை. தினமும் பேக்கப் பத்தி ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

சாக்பீஸ் தூள் தேய்ச்சுப் பார்த்தேன். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சு அடிச்சேன். மங்கின முத்திரையைப் படிக்க இது நல்ல வழிதான், உங்களுக்கும் சொல்றேன். ஆனா இல்லாத பள்ளத்தில் நிழல் விழாது. யோசிக்க யோசிக்க சந்தேகமும் வந்துச்சு: நான் பார்த்தது 2-ஆ, 7-ஆ? 7-னா 1947.

ஊருக்கு வந்து தாத்தாகிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, பழைய பூதக்கண்ணாடியை வச்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு எங்கடா?"

"நான்தான் தாத்தா தேய்ச்சுட்டேன்."

"பார்த்தியா, இல்லை பார்க்கணும்னு நினைச்சியா?"

எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ஒவ்வொரு பைப்புக்கும் கீழே ஒரு சீட்டு ஒட்டி வைக்கிறது அவர் வழக்கம். இதுக்கும் எழுதினார்: '1935–1950. பேரன் வாங்கியது.' அலமாரியில் அதுக்கு இடம் பத்தலை, அதனால டிவி மேல வச்சிருக்கார்.