மூச்சை எண்ணிவிடலாம், கிருமியை?

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குச் சளி முற்றி மூச்சு இழுத்தால், முதல் பரிசோதனைக்கு ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். சட்டையை விலக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இதை எட்டிவிட்டால் நிமோனியா என்றே வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டினாலோ, மூச்சிழுக்கும் குழந்தை இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தாலோ, தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நுரையீரல் கெட்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. கெடுத்தது யார்? நியூமோகாக்கஸ் பாக்டீரியாவா, ஆர்.எஸ்.வி. வைரஸா, காசநோய்க் கிருமியா? எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரியும். கிருமியின் பெயர் தெரியாது.

இந்தத் தேடல் பழையது. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளை பெர்லினில் வைத்துச் சாயமேற்றிப் பார்த்து, 1884-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் சளிப் பரிசோதனையில் பயன்படுத்துகிறார்கள். தடங்கல் சாயத்தில் இல்லை, சளியில் இருக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். பலர் டப்பாவில் கொடுத்துவிட்டுப் போவது எச்சிலை. குழந்தைகளோ சளியை விழுங்கிவிடுவார்கள்.

ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு நாளாவது ஆகும். நூறு நிமோனியா நோயாளிகளில் பத்துப் பேருக்குக்கூட அதில் கிருமி அகப்படுவதில்லை. மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் இரண்டு மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பி.சி.ஆர். வேகமானதுதான், ஆனால் ஓடியாடும் குழந்தையின் மூக்கிலும் அதே கிருமிகள் குடியிருக்கும். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் 2,259 பெரியவர்களுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி பிடிபட்டது 38 சதவீதம் பேருக்குத்தான். அங்கேயே அப்படி என்றால், கல்வராயன் மலைக் கிராமத்தில் எடுத்த சளி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதற்குள் என்ன ஆகும்? நியூமோகாக்கஸ் தாமதம் தாங்காது, செத்துவிடும்.

பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்களுக்கு வேலூரில் பதில் இருக்கிறது. 1993 முதல் 1997 வரை சி.எம்.சி. மருத்துவமனை உட்பட இந்தியாவின் ஆறு மருத்துவமனைகள் நோயாளிகளின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் நியூமோகாக்கஸைத் தேடின. 314 பேரிடம் கிடைத்தது. அந்தக் கிருமிகளில் 56 சதவீதம், அப்போது கிராமங்களில் நிமோனியாவுக்குக் கொடுத்துவந்த கோட்ரைமாக்சசோலுக்கு அடங்கவில்லை. பெனிசிலினுக்கோ பெரும்பாலும் அடங்கின. எந்த வகை நியூமோகாக்கஸ் இங்கே அதிகம் என்பதும் தெரியவந்தது. தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இப்படிப்பட்ட கணக்குதான் வேண்டும். ஒரு குழந்தையின் ரிசல்ட் அந்தக் குழந்தைக்கு உதவாமல் போகலாம். அடுத்து வரும் ஆயிரம் குழந்தைகளுக்கு உதவும். இந்தக் கணக்கைப் போடாமல் கல்ச்சரை வீண்செலவு என்று தள்ளுவது சரியல்ல.

நோயாளிக்கே நேரடியாகப் பயன்படும் இடங்களும் உண்டு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சோதனை கட்டாயம், சிகிச்சையே வேறு. கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும். மலை ஊர்களுக்கு ஏற்றது இத்தகைய கருவிதான். அடுத்தது மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் நோய் இது. மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்யும் சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்கும். காசநோய் போலவே வேஷம் போடும். வழக்கமான நிமோனியா மருந்துகள் பலவற்றுக்கு மசியாது. கல்ச்சர் செய்தால்தான் உறுதியாகும். ஆய்வகத்தில் பழக்கமில்லாதவர் இதன் கிருமியையும் வேறு கிருமி என்று ஒதுக்கிவிடக்கூடும். நெல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் வட்டாரத்தில் மருத்துவர் நினைவில் வைக்க வேண்டிய பெயர் இது.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே கிடையாது. இந்தக் கல்ச்சரும் கிருமிக் கணக்கும் இனி அங்கேயே நடக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. மூச்சு இழுக்கும் குழந்தைக்கு ரிசல்ட் வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்த மாத்திரையின் அட்டையை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம்.