உப்புக் காற்றில் துருவேறும் துப்பாக்கிக் குழல்: எந்த உலோகம், எந்தப் பூச்சு ஏற்றது?

மும்பை: கடலோரத்தில் பயன்படும் துப்பாக்கியின் குழலை வெளியே உப்பு ஈரமும், உள்ளே வெடிமருந்தின் வெப்பமும் தாக்குகின்றன. எனவே அதன் இரு புறங்களுக்கும் வெவ்வேறு பாதுகாப்பு தேவைப்படுகிறது.

மும்பையின் கிழக்கே கடற்கழியை ஒட்டியுள்ள டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், உர ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவை அமைந்துள்ளன. இத்தகைய இடங்களில் காவல் பணிக்கான துப்பாக்கிகள் சுடப்படுவது அரிது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் அவை நாள்தோறும் ஈரக்காற்றில் இருக்கின்றன.

எந்த எஃகு?

ராணுவத் துப்பாக்கிக் குழல்கள் பெரும்பாலும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகால் செய்யப்படுகின்றன. வெப்பத்தையும் அழுத்தத்தையும் இது நன்கு தாங்கும். ஆனால் குரோமியம் சுமார் 1 சதவீதமே இருப்பதால் துருப்பிடிக்கும். போட்டித் துப்பாக்கிகளில் பயன்படும் 416 வகை 'துருப்பிடிக்காத' எஃகில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம் உள்ளது. எனினும், கடைந்தெடுக்க எளிதாக இருப்பதற்காக அதில் கந்தகம் சேர்க்கப்படுவதால், உப்பு பட்டால் அதிலும் நுண்குழிகள் விழும்.

உட்புறம்

உட்புறத்துக்குக் கடினக் குரோமிய முலாம் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளது. இதன் அவசியத்தை உணர்த்தியது வியட்நாம் போர். அமெரிக்க வீரர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட எம்-16 துப்பாக்கிகளின் தோட்டா அறையில் முலாம் இல்லை. ஈரத்தால் அறை அரிக்கப்பட்டு, சுட்ட தோட்டாவின் உறை சிக்கிக்கொண்டதால் சண்டையின் நடுவே துப்பாக்கிகள் செயலிழந்தன. வெடிமருந்து மாற்றமும் துப்புரவுக் கருவிகளின் பற்றாக்குறையும் நிலைமையை மோசமாக்கின. பின்னர் அறைக்கு முலாம் பூசப்பட்டது. இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கியும் குரோமிய முலாம் பூசிய குழலைக் கொண்டதே.

முலாம் சீராகப் படியாவிட்டால் குறி சற்றுத் தவறக்கூடும். இதற்கு மாற்றாக, எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்கும் முறை உள்ளது. இதில் குழலின் அளவு ஏறத்தாழ மாறுவதில்லை.

வெளிப்புறம்

வெளிப்புறத்தில் பூசப்படும் பாஸ்பேட் படலம் நுண்துளைகள் கொண்டது. எண்ணெயை ஈர்த்து வைத்திருப்பதே அதன் பலம்; எண்ணெய் காய்ந்தால் பாதுகாப்பும் குறையும். கருநீல நிறம் தரும் ஆக்சைடு படலம் இதைவிட மெல்லியது. எண்ணெயின்றி கடற்காற்றைத் தாங்காது.

ஆகவே கடலோரக் காவலுக்கு, உள்ளே குரோமிய முலாமும் வெளியே எண்ணெயூட்டிய பாஸ்பேட் படலமும் கொண்ட குழல் பொருத்தமானது. ஆயினும் எந்தப் பூச்சும் துரு ஏறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் தடுக்காது. சுடாத துப்பாக்கியையும் மழைக்காலத்தில் அடிக்கடித் துடைத்து எண்ணெயிடுவது இன்றியமையாதது.