உரையாடும் பொறியும் எல்லைப்புறத் தமிழரும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆந் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை அடுத்த எல்லைச் சிற்றூர்களில் வீட்டிலே தமிழும் அலுவலகத்திலே மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. சாட்ஜிபிடி, ஜெமினி முதலிய செயற்கை நுண்ணறிவுப் பொறிகளிடம் தமிழில் வினவும்போது இவர்களுக்கு நேரும் இடர்கள் சிலவற்றையும், அவற்றை நீக்கும் வழிகளையும் காண்போம்.

முதலாவது, இடத்தை மாற்றி உணர்தல். "நிலத்தைப் பெயர் மாற்றுவது எங்ஙனம்?" என்று தமிழில் கேட்டால், பொறி பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் என்று விடை பகரக்கூடும். அது கற்ற தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டைப் பற்றியவை அல்லவா? பாறசாலைக்காரருக்கு வேண்டுவனவோ தண்டப்பேரும், கரம் கட்டிய ரசீதும், வில்லேஜ் ஆபீசும். ஆகவே, "நிலம் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது, விடை தமிழில் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடல் நலம். பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் தமிழருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, சொல்லை மாற்றி உணர்தல். "வீட்டில் வெள்ளம் வரவில்லை" என்று ஒருவர் மலையாளப் பழக்கத்தில் கூறினால், குடிநீர்க் குறையைப் பெருவெள்ளச் செய்தியாகப் பொறி கொள்ளலாம். பேச்சு சரியாகப் பதியாவிடில், மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றி, நிறுத்திப் பேசுக. அல்லது எழுதிக் கேட்க.

மூன்றாவது, இல்லாததை உறுதியோடு உரைத்தல். அடுத்து வரத்தக்க சொல் யாதெனக் கணித்தே இப்பொறி வாக்கியம் அமைக்கிறது. ஆதலின் இல்லாத அரசாணைக்கும் எண்ணும் தேதியும் கொடுத்துவிடும். "இது மெய்தானா?" என்று அதையே திரும்பக் கேட்பது சோதனையாகாது, நம் ஐயத்தைக் கண்டே அது விடையை மாற்றிக்கொள்வதுண்டு. கட்டணம், கடைசித் தேதி, படிவம் ஆகியவற்றை வில்லேஜ் ஆபீசிலோ அட்சயா மையத்திலோ கேட்டுத் தெளிக.

உரையாடல் நீண்டு, முன்பு சொன்னதைப் பொறி மறந்தால், செய்திகளைச் சுருக்கிக் கூறிப் புதிய உரையாடலைத் தொடங்குக. விடை பாதியில் நின்றால், "தொடர்க" என்றாலே பெரும்பாலும் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றை அதனிடம் ஒருபோதும் கூறலாகாது.

குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அம்மனுவை எழுதப் பொறி துணை செய்யும். மலையாளத்திலும் பெயர்த்துத் தரும். ஆனால் அதன் அடியில் கையொப்பமிடுபவர் நாமே. பெயரும் சர்வே எண்ணும் சரியா என்று, இரு மொழியும் அறிந்த ஒருவரைக்கொண்டு வரிவரியாய்ப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.